சண்டைக்கு எத்தனை துடிப்பு

காலம்பற ஆறரை ஆச்சுன்னா தாணம்மை ஒரு கையில சீப்பு, ஒரு கையில எண்ணக் கிண்ணம்னு வந்து நிப்பா. கோமளவல்லி அடுக்களை நடையில முதுகக் காட்டி உக்காந்து குடுக்கணும். அம்பத்தெட்டு வயசுப் பொம்பளை பாத்துக்கிடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைக்குப் பின்னி விடுகது மாதிரி தாணம்மை அவ தலையப் பிடிச்சு இழுப்பா. சிக்கு எடுக்கேன்னு ஒரு வெட்டு, வகிடு எடுக்கேன்னு சீப்பு முனையால ஒரு கீறு. கோமளத்துக்குக் கண்ணு நெறைஞ்சிரும். ஆனா வாயத் தொறக்க மாட்டா. தொறந்தா என்ன பதிலு வரும்னு அவளுக்குத் தெரியும்.

"வெப்ராளப்படாதட்டி, பதறாத. பெட்டி அடிக்கும்."

அஞ்சு மாசமா அந்த வீட்டுல இந்த ஒரே பாட்டுதான்.

தாணம்மை யாருன்னா, கோமளத்துக்க மாப்பிள்ளை கணபதியப்பனுக்கு மூத்த அக்கா. கோமளத்துக்கு மைனி முறை. திருவட்டாத்துல கெட்டிக் குடுத்தது. புருசன் போயிச் சேந்தாச்சு, மகன் புனாவுல. தம்பி பொண்டாட்டிக்கு மேலுக்கு சொகமில்லன்னு கேட்டதும் ரெண்டு பெட்டித் துணியும் ஒரு கரண்டு அடுப்புமா தாழக்குடிக்கு வந்து எறங்கினவ, பொறவு திரும்பிப் போகல்ல.

பெட்டின்னு அவ சொல்லுகது கோமளத்துக்க நெஞ்சுல இருக்கப்பட்ட பெட்டி. ஆவணி மாசம் வடசேரி சந்தையில தடியங்காய்க்கு வெல கேட்டுட்டு நிக்கும்போ அப்படியே சரிஞ்சு விழுந்தா கோமளம். பக்கத்துல காய் வாங்கிட்டு நிண்ண ஒரு நர்சு நெஞ்ச அமுக்கி அமுக்கி உயிரப் பிடிச்சு வச்சா. அங்கேருந்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயி, எடது பக்கம் தோள் எலும்புக்குக் கீழ, தொலிக்கு உள்ள, ஒரு தீப்பெட்டி போல மெஷின வச்சுத் தச்சு அனுப்பினாங்க. ஹார்ட்டு தாறுமாறா ஓடிச்சுன்னா அது உள்ளேயே ஒரு கரண்டு விட்டு அடிச்சு நேராக்கும். அம்புடுதான் காரியம்.

ஆறு வாரத்துக்கு எடது கைய தோளுக்கு மேல தூக்கப்பிடாதுன்னு சொல்லி விட்டாங்க. ஆறு வாரம்கிறத வீட்டுல ஒருத்தரும் நெனப்புல வைக்கல்ல. தூக்கப்பிடாதுங்கறத மட்டும் தாணம்மை கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. கரண்டு அடுப்புல இருந்து ரெண்டு அடி தள்ளி நிக்கணும்னும் கடுதாசியில எழுதியிருந்து. அதுல ரெண்டு அடிய வெட்டிட்டு, அடுக்களைக்குள்ளயே காலு வைக்கப்பிடாதுன்னு ஆக்கிட்டா. கோமளம் முப்பத்தாறு வருசமா சமைச்ச கேஸ் அடுப்பு சாய்ப்பு ரூமுல செல்பு மேல ஏறிட்டு. அடுக்களையில திருவட்டாத்து அடுப்பு ஊங்குன்னு எரைஞ்சுகிட்டு கெடக்கு. கோமளம் நடையில உக்காந்து கருவேப்பில உருவிக் குடுக்கலாம். அதுக்கு மேல உரிமை கெடையாது.

அப்பவெல்லாம் கோமளம் வாய மூடிக்கிட்டு இருக்கல்ல, அதையும் சொல்லணும். நல்லா திருப்பிக் குடுக்கத்தான் செய்தா. ஐப்பசியில கந்தசஷ்டி ஆறாம் நாளு, தாணம்மை தீயல் கொழம்புக்குத் தேங்காய் வறுத்துட்டு நிக்கா. கருகின வாடை நடை வரைக்கும் வருது. தேங்காய் கருகுதுன்னு கோமளம் சொன்னா. எனக்கு நீ தீயல் படிச்சுத் தராண்டாம்னு தாணம்மை சொன்னா. ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு. கோமளம் எழும்பி அடுக்களை வாசல்ல கைய வச்சு உள்ள எட்டு வச்சா. அந்த நேரம் பாத்து நெஞ்சுக்குள்ள காளைமாடு ஒதைச்சது மாதிரி ஒரு அடி. கண்ணுக்கு முன்ன வெள்ளையா ஒரு மின்னலு. தரையில கெடக்கா.

பெட்டி அதுக்க வேலையச் செய்துட்டு. ஆனா ஊருக்குள்ள தாணம்மை சொன்ன கதை வேற. விரத நாளும் அதுவுமா மூத்தவகிட்ட வாய் நீட்டினா, சுப்பிரமணியசாமி பெட்டிக்குள்ள இருந்து அடிச்சிட்டாருன்னு அம்மங்கோயில் நடையில வச்சு சொல்லியிருக்கா. கோமளமும் மனசுக்குள்ள அதத்தான் நம்பினா. அதுதான் கொடுமை. அன்னைலருந்து சத்தம் போட்டுப் பேசினதில்ல. கெணத்தடிக்கு அங்கிட்டு நடந்ததில்ல. எடது கைய மார்போட ஒட்டி வச்சுக்கிட்டு, முட்டை அடைகாக்குத கோழி மாதிரி இருந்தா.

தை பொறந்ததும் தாணம்மை அடுத்த காரியத்துக்கு அடி போட்டா. திருவட்டாத்து வீட்ட வாடகைக்கு விட்டுட்டு பீரோவத் தூக்கி இங்க கொண்டு வாறேன், இவள இனி ஒத்தைக்கு விட முடியாதுல்லான்னு தம்பிகிட்ட சொன்னா. கணபதியப்பன் தாலுக்கா ஆபீசுல முப்பது வருசம் இருந்தவரு. எது வந்தாலும் பேப்பர மடக்காமலே தலையாட்டுவாரு. அதுக்கும் ஆட்டினாரு.

அந்த வாரம்தான் திருவனந்தபுரத்துல செக்கப்பு. பெரிய டாக்டர் கோமளத்த நடக்கச் சொல்லிப் பாத்தாரு, கையத் தூக்கச் சொல்லிப் பாத்தாரு. கை மார்பு வரைக்கும் வந்து நிண்ணுட்டு. மனுசனுக்கு முகம் மாறிட்டு. பெட்டி வச்சது நடமாடத்தான், உக்காத்தி வச்சு பூசை செய்யுகதுக்கில்லன்னு கணபதியப்பனப் பாத்து சொன்னாரு. நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில ஹார்ட்டுக்காரங்களுக்கு உடற்பயிற்சி கிளாஸ் உண்டு, திங்கள் புதன் வெள்ளி, பன்னெண்டு வாரம், கட்டாயம் அனுப்பணும்னு எழுதியும் குடுத்தாரு.

வீட்டுக்கு வந்ததும் தாணம்மை ஆடித் தீத்துட்டா. பேசுனதுக்கே அடிச்ச பெட்டி, ஓடுனா சும்மா விடுமா, பாடை கெட்டுகதுக்கு இப்பவே ஓலை வெட்டிப் போடுங்கன்னு சொன்னா. கணபதியப்பன் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தீர்ப்பு சொன்னாரு. பன்னெண்டு வாரம் போகட்டும், கடைசி நாளு டாக்டருமாரு நல்லதா எழுதிக் குடுத்தா அக்கா திருவட்டாத்துக்குப் போகட்டும், இல்லேன்னா இங்கேயே இருக்கட்டும். தாணம்மை சிரிச்சா. கோமளம் சிரிக்கல்ல. தனக்க வீடு தனக்குத்தானான்னு பன்னெண்டு வாரத்துல தெரிஞ்சிரும்னு அவளுக்கு மட்டும் வெளங்கிச்சு.

கிளாஸ் நடத்துகவ பேரு ஷைஜா. மார்த்தாண்டத்துக்காரி. இருவத்தேழு வயசு இருக்கும், ஒல்லிக்குச்சி, வாயி மட்டும் நல்ல நீளம். முதல் நாளு கோமளத்துக்க எடது கையப் பிடிச்சுத் தூக்கிப் பாத்துட்டு, எத்தன மாசமா இப்படி வச்சிருக்கீங்கன்னு கேட்டா. அஞ்சுன்னு கோமளம் சொன்னா. யாரு சொன்னான்னு கேட்டா. கோமளம் மைனியப் பாத்தா. ஏன்னா தாணம்மையும் கூட வந்து, பிளாஸ்டிக் நாற்காலிய நடு ரூமுல இழுத்துப் போட்டு, மடியில பையோட உக்காந்திருக்கா. கூட வந்தவங்க வெளியதான் இருக்கணும்னு ஷைஜா சொல்லிப் பாத்தா. இவ விழுந்தா வீட்டுல நான்தான் பதிலு சொல்லணும், நீ இல்லன்னுட்டா தாணம்மை. அசையல்ல.

நெஞ்சுல மூணு பிளாஸ்திரி ஒட்டினா, சுவத்துல இருக்க திரையில நம்பரு ஓடும். ஒரு நிமிசத்துக்கு ஹார்ட்டு எத்தன தடவ துடிக்குங்கற கணக்கு. உங்க பெட்டி நூத்தி எம்பதுக்கு மேல போனாத்தான் முழிக்கும், அதுக்கு ரொம்பக் கீழ நூத்தி முப்பதுல நான் ஒரு கோடு போட்டிருக்கேன், அதத் தாண்ட விடமாட்டேன்னு ஷைஜா சொல்லிக் குடுத்தா. நடக்கும்போ பேசிக்கிட்டே நடக்கணும், பேச முடிஞ்சா வேகம் சரி, மூச்சு வாங்கி பேச்சு வரலேன்னா வேகம் கூடுதல். "பேடிக்காதுங்க அம்மா, பயம் வேண்டாம், பெட்டிய நான் பாத்துக்கிடுகேன். நீங்க நடங்க"ன்னா.

நடந்தாத்தானே. ஓடுத மெஷின்ல கோமளம் கேறுவா, ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிப்பா, கண்ணு திரையில. எழுவத்தஞ்சு, எம்பத்தி ரெண்டு, தொண்ணூறு. தொண்ணூத்தஞ்சுன்னு கண்டா சாடி எறங்கிருவா. கூடப் படிச்சவங்கள்ல மயிலாடியில கல்லு கொத்துத சுயம்புராஜுன்னு ஒருத்தன், அவனுக்கும் நெஞ்சுல பெட்டி. பக்கத்து சைக்கிள்ல மிதிச்சுக்கிட்டே அவளப் பாத்து, "யக்கா, நான் கொத்தி வச்ச நந்தி இதவிட வேகமா நடக்கும்"னான். தாணம்மை அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, ரூமு முழுக்க கேட்டுச்சு. கோமளத்துக்கு முகம் செவந்துட்டு. திரையில தொண்ணூத்தாறு. எறங்கிட்டா.

வீட்டுல செய்யுகதுக்கும் ஒரு வேலை குடுத்திருந்தா ஷைஜா. சுவருகிட்ட நிண்ணு, எடது கை விரலால எறும்பு ஏறுகது மாதிரி மேல ஏத்திக்கிட்டே போகணும். எட்டுன எடத்துல ஒரு கோடு போடணும். கோமளம் சாய்ப்பு ரூம் சுவத்துல கரித்துண்டால கோடு போட்டா. மறுநாளு போயிப் பாத்தா கோட்டக் காணல்ல. ஈரத்துணி வச்சுத் தொடைச்சிருக்கு. சுவரு அழுக்கா கெடந்துன்னு சொன்னா தாணம்மை. மறுபடியும் போட்டா. மறுபடியும் தொடைச்சா. மூணாம் நாளு கோமளம் கொண்டை ஊசிய எடுத்துக் கதவு நெலையில ஆழமா கீறி வச்சா. அதத் தொடைக்கணும்னா ஆசாரிக்க சீவுளி கொண்டுதான் வரணும்.

கீறு ஒவ்வொண்ணா மேல ஏறிச்சு. கிளாஸ்ல நம்பரு மட்டும் ஏறல்ல.

அஞ்சாவது வாரம் தாணம்மை சாயா குடிக்கப் போன நேரம் பாத்து ஷைஜா பக்கத்துல வந்து இருந்தா. திருவனந்தபுரத்து ரிப்போர்ட்டு கையில இருந்து. சஷ்டி அன்னைக்கு உங்களுக்கு நூத்தி எம்பது இல்ல, எரநூத்திப் பதினாலு ஓடியிருக்கு, அதுனாலதான் பெட்டி அடிச்சது, மாத்திரைய விட்டிருந்தீங்களான்னு கேட்டா. இல்லவே இல்லன்னு கோமளம் சொன்னா. ஷைஜா அவளையே பாத்துக்கிட்டு இருந்தா. ரிப்போர்ட்ட மடக்கவும் இல்ல.

காரியம் இதுதான். கோமளம் சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிச்சா. பெட்டி ஒருக்காலும் அடிக்காம இருக்கணும்னு நேந்துக்கிட்டுத்தான் பிடிச்சதே. காலம்பற ஒண்ணும் இல்ல, உச்சைக்கு ஒண்ணும் இல்ல, அந்திக்கு ஒரு மட்டிப்பழம், கொஞ்சம் பாலு. மாத்திரைக் கவருல மருந்துக்கடைக்காரன் பேனாவால எழுதியிருந்தது 'சாப்பாட்டுக்குப் பின்'னு. சாப்பாடே இல்ல, பின்ன மாத்திரை எப்படிப் போட? சாப்பிடாம போட்டா தப்பாயிருமேன்னு பயந்து ஒரு மாத்திரையும் போடல்ல. எடுத்து எறியவும் மனசு வரல்ல. கணபதியப்பன் அட்டையப் பாப்பாரேன்னு வேளைக்கு வேளை உடைச்செடுத்து, சாமி அலமாரியில காலி சாம்பிராணி டப்பாவுல போட்டு வச்சா. ஆறு நாளைக்கு பன்னெண்டு மாத்திரை. இன்னும் அங்கதான் கெடக்கு. டாக்டருகிட்டயும் சொல்லல்ல.

எல்லாத்தையும் ஷைஜாகிட்டச் சொல்லி முடிச்சப்போ கோமளம் சேலத் தலப்ப வாயில பொத்திக்கிட்டா. ஷைஜா திட்டத்தான் செய்தா. கவருல எழுதினவன் நேரத்துக்கு எழுதினான், சோறு தின்னாலும் தின்னாட்டாலும் இந்த மாத்திரைய நிப்பாட்டப்பிடாது, விரதம் பிடிக்கணும்னா டாக்டருகிட்டக் கேட்டுட்டுப் பிடிக்கணும், தெரியாதான்னு. பொறவு குரலத் தாழ்த்தி, டாக்டருகிட்ட இத நான் சொல்லியே ஆகணும், உங்க மைனிகிட்ட சொல்ல மாட்டேன்னா.

கோமளம் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அப்போ சண்டை போட்டதுனால அடிக்கல்லியா?"

கோபமும் கொஞ்சம் சேந்திருக்கும், கோபம் ஹார்ட்டுக்கு மருந்து ஒண்ணும் இல்ல, ஆனா ஆறு நாளு மாத்திரை இல்லாததுதான் பெரிய காரியம்னு ஷைஜா சொன்னா. சொல்லிட்டு, இப்போ மாத்திரை ஒழுங்காப் போகுதுல்லா, ஏறி நடங்க, நான் பக்கத்துல நிக்கேன்னா. அன்னைக்கு நூத்தி ரெண்டு. மறுவாரம் நூத்தி ஏழு. பயம் போகல்ல, ஆனா எறங்கல்ல.

பத்தாவது வாரம் புதன்கெழமை. கோமளம் மெஷின்ல நடந்துக்கிட்டிருக்கா. ஒண்ணும் பேசாம நடக்கீங்களே, பேசிக்கிட்டே நடக்கணும்னு சொன்னேன்லான்னு ஷைஜா சத்தம் போட்டா. யாருகிட்டப் பேச? எதுக்க நாற்காலியில தாணம்மை மட்டும்தான் இருக்கா. அவளே ஆரம்பிச்சும் குடுத்தா.

"ஏட்டி, வெள்ளிக்கெழமை டெம்போ வருது. பீரோவ ஏத்தச் சொல்லியாச்சு. தெக்கு ரூமுல போட்டுக்கிடுகேன். உனக்க தையல் மிசினத் தூக்கி பொறவாசல்ல வச்சிரு."

"இன்னும் ரெண்டு வாரம் கெடக்கே மைனி."

"ரெண்டு வாரத்துல நீ என்ன மலையையா மறிக்கப் போற?"

"தெக்கு ரூமு எனக்க ரூமு."

"உனக்கு என்னத்துக்கு ரூமு? நாளைக்கு எழும்புவியோ எழும்பமாட்டியோ."

திரையில நூத்தி நாலு. கோமளம் நம்பரப் பாத்தா, மைனியப் பாத்தா. காலு நிக்காம போய்க்கிட்டிருக்கு. பொறவு அஞ்சு மாசத்துக்கு உள்ளது ஒவ்வொண்ணா வெளிய வந்து. நீங்க வாருகது தலையா, தேங்காத் தும்பு திரிக்குதியளான்னு கேட்டா. நான் போட்ட கோட்டத் தொடைச்சியளே, அந்தத் துணிய வச்சு உங்க அடுப்புக்குப் பொறத்தால இருக்க பிசுக்கத் தொடைச்சா என்னன்னு கேட்டா. அன்னைக்குத் தேங்காய் கருகித்தான் போச்சு, நீங்க வச்சது தீயல் இல்ல, அடுப்புக்கரின்னா. நூத்திப் பதினொண்ணு. சைக்கிள் மிதிக்கவன்லாம் மெதுவா மிதிக்கான், சண்டை கேக்கணும்லா.

தாணம்மை எழும்பிட்டா. "நிறுத்து புள்ள மிசின. நம்பரு ஏறுகது கண்ணுக்குத் தெரியல்லியா? அன்னைக்கும் இப்படி என்கிட்ட வாய் குடுத்துத்தான் விழுந்து கெடந்தா."

ஷைஜாவுக்க கை செவப்புப் பொத்தானுகிட்டப் போயிட்டு. அமுக்கல்ல. தலை சுத்துதா, நெஞ்சு அடைக்குதான்னு கோமளத்துகிட்டக் கேட்டா. இல்லன்னா கோமளம். நூத்திப் பதினெட்டு. அப்போ இன்னும் எடம் உண்டு, நடங்கன்னு ஷைஜா கைய எடுத்துட்டா.

கோமளம் கம்பிய விட்டா. முதல் தடவையா ரெண்டு கையும் வீசி நடந்தா.

"அன்னைக்கு என்னைய விழத் தட்டினது நீங்கன்னா நெனைச்சிய? ஆறு நாளு மாத்திரை திங்காம கெடந்தேன் மைனி, அதான் விழுந்தேன். உங்களுக்கு அவ்வளவு தெறமை கெடையாது."

சுயம்புராஜ் மிதிக்கத நிப்பாட்டிட்டு வாயப் பொளந்து இருக்கான். அண்ணே நீங்க மிதிங்கன்னு ஷைஜா அதட்டினா.

சொன்னதுக்கு வெல குடுக்க வேண்டி வந்து. வீட்டு நடையில செருப்பக் கழத்தும்போதே தாணம்மை தம்பியக் கூப்பிட்டா. மாத்திரை திங்காத களவாணிய வீட்டுல வச்சிருக்கியேன்னு தொடங்கி, அட்டை காலியாச்சே, மாத்திரை எங்க போச்சுன்னு வீடு முழுக்கத் தேடி, கடைசியில சாமி அலமாரியத் துழாவி சாம்பிராணி டப்பாவக் கவுத்திக் காட்டினா. பன்னெண்டும் உருண்டு ஓடிச்சு. கணபதியப்பன் பேப்பர மடக்கினாரு. கல்யாணம் கெட்டி இத்தன வருசத்துல அவரு அப்படிப் பேசி கோமளம் கேட்டதில்ல. சாகணும்னா சொல்லிட்டுச் செத்திருக்கலாமே, எதுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விட்டன்னாரு. இனி மாத்திரை அக்கா கையாலதான் வாங்கித் திங்கணும்னாரு. வெள்ளிக்கெழமை டெம்போ வந்து. நாலு பேரு பிடிச்சு பீரோவ எறக்கி தெக்கு ரூமுல போட்டாங்க. தையல் மிசின் பொறவாசல்ல மழைச்சாரலு படுக எடத்துல கெடந்து.

கோமளம் திங்கக்கெழமை கிளாசுக்குத் தனியாப் போனா. தாணம்மை அதுக்குப் பொறவு அங்க வரல்ல. ஆளு பாக்க சண்டை போட்டது அவளுக்குக் கொறச்சலாப் போச்சு.

பங்குனி கடைசியில ஆறு நிமிச நடை டெஸ்டு. வராந்தாவுல ரெண்டு கூம்பு வச்சு, அதுக்கு எடையில ஆறு நிமிசம் எவ்வளவு தூரம் நடக்காங்கன்னு அளப்பாங்க. முதல் நாளு கோமளம் நடந்தது நூத்தித் தொண்ணூறு மீட்டரு. அன்னைக்கு நானூத்தி இருவது. எடது கை காதுகிட்ட ஒட்டி நேரா மேல போச்சு. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த கடுதாசியில, வீட்டு வேலை எல்லாம் செய்யலாம், தலை வாரலாம், சமைக்கலாம், கரண்டு அடுப்புன்னா ரெண்டு அடி தள்ளி, மாத்திரைய ஒரு நாளும் விடப்பிடாதுன்னு எழுதியிருந்து. கீழ ஷைஜா தனியா ஒரு வரி எழுதியிருந்தா, வாரத்துக்கு மூணு நாளாவது நூத்திப் பத்துக்கு மேல ஏத்தணும், நூத்தி முப்பதத் தாண்டப்பிடாதுன்னு.

கணபதியப்பன் அத ரெண்டு தடவ வாசிச்சாரு. நல்லதாத்தான் எழுதியிருக்குன்னாரு. கோமளம் அவரு முகத்தப் பாத்துக்கிட்டே நிண்ணா. அவரு கண்ணாடியக் கழத்தித் தொடைச்சுட்டு, "பீரோ வந்தாச்சே கோமளம். மூத்தவகிட்டப் போன்னு எப்படிச் சொல்ல?"ன்னுட்டு பேப்பர எடுத்து விரிச்சிட்டாரு. தீர்ப்பு சொன்னவரு அவருதான்.

மறுநாளு ஆறரைக்குத் தாணம்மை சீப்போட வரும்போ நடையில ஆளில்ல. கோமளம் அஞ்சே முக்காலுக்கே கண்ணாடி முன்ன நிண்ணு, எடது கைய மேல கொண்டுபோயி, எளைக்கும்போ எறக்கி, மறுபடியும் கொண்டுபோயி, முக்கா மணி நேரம் போராடி ஒரு கொண்டை போட்டிருந்தா. எடது பக்கம் ரெண்டு மூணு முடி தொங்கிக்கிட்டு கெடந்து. அதோட சாய்ப்பு ரூமுக்குப் போயி கேஸ் அடுப்ப ரெண்டு கையாலயும் செல்புல இருந்து எறக்கி, இடுப்புல அணைச்சு அடுக்களைக்குக் கொண்டு வந்தா. திருவட்டாத்து அடுப்புக்க வயரச் சுவத்துல இருந்து உருவினா. ஊங்குன்னு கேட்ட சத்தம் நிண்ணுட்டு.

தாணம்மை வாசல்ல வந்து நிண்ணா. கையில சீப்பு. களவாணி, திமிரு பிடிச்சவ, புருசனப் பாடாப் படுத்துகவ, ஒண்ணு விடாம சொன்னா. கோமளமும் சொன்னா, கொறச்சு வைக்கல்ல. கடைசியில தாணம்மை அந்தப் பழைய ஆயுதத்த எடுத்தா.

"வேண்டாம்ட்டி. பெட்டி அடிக்கும்."

கோமளம் வலது கை ரெண்டு விரல எடது மணிக்கட்டுல வச்சா. அடுக்களை கடிகாரத்த நிமிந்து பாத்தா. பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்கணும்னு ஷைஜா படிச்சுக் குடுத்திருக்கா. தாணம்மைக்கு என்ன நடக்குன்னு வெளங்கல்ல, அவளும் கடிகாரத்தப் பாத்தா.

"நூத்திப் பதினாறு" கோமளம் சொன்னா. "இன்னும் பதினாலு கெடக்கு மைனி. பேசுங்கோ."

தாணம்மை சீப்ப நடையில வச்சுட்டு தெக்கு ரூமுக்குப் போயி பீரோவுக்குப் பக்கத்துல இருந்துட்டா.

அதுக்குப் பொறவும் எட்டு நாளு சண்டைதான். உப்புக்கு ஒண்ணு, தொவர்த்துத் துண்டுக்கு ஒண்ணு, தையல் மிசினுக்கு ரெண்டு நாளு. ஆனா பெட்டி அடிக்கும்ங்கற ஒண்ணு இல்லாம தாணம்மைக்கு சண்டை சேரல்ல. பாதியில வந்து தொக்கி நிப்பா. ஒம்பதாம் நாளு அவளே போன எடுத்து டெம்போக்காரன விளிச்சா. வீட்டுக்கு வாடகைக்கு ஆளு சரியில்லன்னு தம்பிகிட்ட ஒரு காரணம் சொன்னா. தம்பி தலையாட்டினாரு.

டெம்போவுல ஏறப்போகும்போ தாணம்மை திரும்பி கோமளத்த மேலயும் கீழயும் பாத்தா. "கொண்டை கோணியிருக்குட்டி"ன்னா. அம்புடுதான். போயிட்டா.

வண்டி தெருமுக்கு திரும்புக வரைக்கும் கோமளம் வாசல்ல நிண்ணா. பழக்கத்துல விரலு மணிக்கட்டுக்குப் போச்சு. எண்ணிப் பாத்தா. எழுவத்தி ரெண்டு. மறுபடியும் எண்ணினா. அதே எழுவத்தி ரெண்டுதான். கொஞ்சம் ஏமாத்தமாக்கூட இருந்து அவளுக்கு.

உள்ள வந்தா. கணபதியப்பன் நாற்காலியில இருந்து பேப்பரு வாசிச்சுக்கிட்டிருந்தாரு. ஒருவழியா வீடு அமைதியாச்சு, ஒரு சாயா போடு கோமளம்னாரு, தலைய நிமித்தாம.

கோமளம் அவருக்கு எதுக்க இருந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா.

"சாயா இருக்கட்டும். அந்த பேப்பர கீழ வையுங்கோ. உங்ககிட்ட எனக்கு முப்பத்தாறு வருசத்துக்கு உள்ளது பேசணும்."